கார் பானெட்டில் காக்கா எச்சத் தழும்பு: கம்பவுண்ட் போடலாமா, அப்படியே விட்டுடலாமா?

நீல_பானெட் (வேளச்சேரி) | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் மக்களே. சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு ட்ரெயின்ல ஊருக்குப் போயிட்டு அஞ்சு நாள் கழிச்சு நேத்து வந்தேன். அபார்ட்மென்ட்ல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு வண்டியைத் தெருவுல வேப்ப மரத்தடியில விட்டுட்டுப் போயிருந்தேன். மே மாச வெயில். சாயங்காலம் வரைக்கும் மரத்து மேல காக்காவும் குயிலும் பஞ்சாயத்து வெக்கிற இடம் அது. வந்து பார்த்தா ரூஃப்ல கணக்கே இல்ல, பானெட்ல மட்டும் ஏழு.

கழுவிட்டேன். வெள்ளை போயிடுச்சு, அச்சு போகல. பகல்ல நேரா பார்த்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி பார்க்கிங் ட்யூப்லைட் வெளிச்சத்துல நின்னு பார்த்தாத்தான் விஷயமே. ட்யூப்லைட்டோட பிம்பம் பானெட்ல நேரா ஓடிட்டே வந்து, அந்த இடத்துல மட்டும் பாலாடை மாதிரி சுருங்குது. தாண்டினதும் மறுபடி நேராயிடுது.

2021 மாடல், அடர் நீலம், ஒரிஜினல் பெயின்ட், எங்கேயும் டிங்கரிங் ஆகல. வாட்டர் சர்வீஸ் கடையில "600 கொடுங்க சார், கம்பவுண்ட் போட்டு அரை மணி நேரத்துல மறைச்சிடறேன்"னு சொல்றாங்க. கம்பவுண்ட்னா பெயின்ட்டைத் தேய்ச்சு எடுக்கிற கரகரப்பான பேஸ்ட். இன்னொரு பெரிய கடையில முழு வண்டிக்கும் பாலிஷ், அதுக்கு மேல செராமிக் கோட்டிங், 22,000. எங்கப்பா "கார் என்ன பொண்ணு பார்க்கவா போகுது, விடுடா"ங்கறார். யார் பேச்சைக் கேட்கிறது?

மீட்டர்_மேல (மதுரை) | ஞாயிறு, இரவு 10.05

வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு ஈரத்துணியில தேய்ங்க ப்ரோ. 20 ரூபாய்ல வேலை முடிஞ்சது. நான் ஹெட்லைட்டுக்கு அதான் பண்றேன்.

கறுப்பு_வண்டி_கஷ்டம் (திருநெல்வேலி) | ஞாயிறு, இரவு 10.22

அண்ணாச்சி, டூத்பேஸ்ட் பக்கமே போயிராதிய. நான் பட்டுட்டுச் சொல்லுதேன். என் வண்டி கறுப்பு. டோர்ல ஒரு எச்ச அடையாளம் நகத்தளவு இருந்துச்சு. யாரோ சொன்னாவன்னு பேஸ்ட் போட்டு பத்து நிமிஷம் தேய்ச்சேன். இப்ப அந்த அடையாளமும் அப்படியே இருக்கு, அதைச் சுத்தி உள்ளங்கையளவுக்கு மங்கலா சாம்பல் பூத்த மாதிரி ஒரு வட்டமும் இருக்கு. ரெண்டு கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்கின கதை. மண்ணெண்ணெய் போடச் சொல்லி ஒரு ஆளு வருவாரு பாருங்க, அவரையும் நம்பாதிய.

பட்டறைக்காரன் (கோவை, கணபதி) | திங்கள், காலை 7.15

தம்பி, 22 வருஷமா பெயின்ட் பட்டறையில இருக்கறேனுங்க. 600 ரூபாய்க்கும் போகாதீங்க, 22,000-க்கும் இப்ப போக வேண்டாம். மொதல்ல நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

நகத்தை வெச்சு மெல்ல இழுத்தா எங்காச்சும் தட்டுப்படுதா? அந்த இடத்துல நிறம் வெளுத்திருக்கா, இல்ல நிறம் அப்படியே இருந்து பளபளப்பு மட்டும் போச்சா? வெடிப்பு மாதிரி மெல்லிய கோடு தெரியுதா? அப்பறம், எப்படிக் கழுவுனீங்க? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லோணும்.

நீல_பானெட் | திங்கள், காலை 8.50

அண்ணே, ஆறு இடத்துல நகம் வழுக்கிட்டுப் போகுது. ஒண்ணுல, பானெட் நடுக்கோடு கிட்ட, லேசா தட்டுது. நிறம் எதுலயும் மாறல. வெடிப்பு இல்ல.

எப்படிக் கழுவினேன்னா... முதல்ல ஒரு பழைய பனியன் துணியால காஞ்சதைத் தேய்ச்சு எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் தண்ணி.

பட்டறைக்காரன் | திங்கள், காலை 9.02

அதானே பார்த்தேன். ட்யூப்லைட்ல அந்தத் தழும்பைச் சுத்தி வட்டம் வட்டமா சிலந்தி வலை மாதிரி கோடு தெரியுமே? அது காக்கா போட்டதில்லைங்க, உங்க பனியன் போட்டது. எச்சத்துல மண்ணு, பழக்கொட்டைத் தூள் எல்லாம் இருக்கும். காஞ்சதை உலர்ந்த துணியில தேய்ச்சா அது உப்புத்தாள் போட்டதுக்குச் சமம். வைப்பர் போட்டுக் கண்ணாடியில இழுக்கறவங்களுக்கும் இதே கதைதான்.

மதியம் சாப்பாட்டு நேரத்துல விவரமா எழுதறேன்.

வேதியியல்_வகுப்பு (தஞ்சாவூர்) | திங்கள், காலை 11.30

பள்ளி விடுமுறை என்பதால் கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவைக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. எச்சத்தின் கரும்பகுதி மலம், வெண்பகுதி யூரிக் அமிலம். நம் உடலிலிருந்து யூரியாவாகத் தண்ணீரோடு போவதை, தண்ணீரைச் சேமிப்பதற்காகப் பறவை யூரிக் அமிலமாகக் கெட்டியாக வெளியேற்றுகிறது. இந்த யூரிக் அமிலம் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு: சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டருக்குச் சுமார் 60 மில்லிகிராம்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் ஓரத்தில் வெள்ளைப் படலம் நிற்பது அதனால்தான். சமையல் சோடா கலந்த தண்ணீரில் காரத்தன்மை கூடுவதால் அது எளிதாகக் கரையும்.

ஆனால் அமிலம் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்வது பாதி உண்மை. எச்சத்தில் செரிமான நொதிகளும் மிச்சமிருக்கும். டெஹ்ரானில் உள்ள அமீர்கபீர் பல்கலைக்கழகத்தார் 2009 வாக்கில் இதைச் சோதித்தபோது, எச்சத்துக்குப் பதிலாகப் பங்க்ரியாடின் என்ற கணைய நொதிக் கலவையைக் கார் பெயின்ட் மீது வைத்துப் பார்த்தார்கள். கிளியர் கோட்டின், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சின், பிணைப்புகளை நொதியே அறுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அது போன்ற வேலை.

ஷார்ஜா_மணல் (ஷார்ஜா, சொந்த ஊர் இராமநாதபுரம்) | திங்கள், பகல் 12.10

மேடம், மாத்துக் கருத்து ஒண்ணு இருக்கு. 11 வருஷமா இங்க கார் க்ளீனிங் லைன்ல இருக்கேன். அமிலமோ நொதியோ, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்க ஜூலையில வெயில்ல நிக்கிற கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும், கை வெக்க முடியாது. அந்தச் சூட்டுல கிளியர் கோட் இளகி விரியுது. எச்சம் அதே நேரத்துல காஞ்சு கல்லாகுது. ராத்திரி பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்தக் கல்லோட மேடு பள்ளத்தை அப்படியே அச்சு எடுத்துக்குது. வார்ப்படம் மாதிரி. இங்கிலாந்துல ஆட்டோகிளிம்ங்கிற பாலிஷ் கம்பெனிக்காரங்க இதைச் சோதிச்சு வெளியிட்டாங்க, அமிலத்தை விட இந்த அச்சுதான் பளபளப்பைக் கெடுக்குதுன்னு.

எனக்கு நம்பிக்கை வந்ததுக்குக் காரணம் வேற. இங்க டிசம்பர், ஜனவரியில மூணு நாள் எச்சம் கிடந்த வண்டி வருது, கழுவினா சுத்தமா போயிடுது. ஜூலையில காலையில விழுந்தது சாயங்காலத்துக்குள்ள தழும்பாயிடுது. அதே புறாதான், அதே எச்சம்தான்.

வேதியியல்_வகுப்பு | திங்கள், பகல் 12.31

சூடு கூடினால் வேதிவினையும் வேகமாகும், ஆகவே உங்கள் ஜூலைக் கதை என் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். ஆனால் அந்த அச்சு விளக்கத்தை நான் மறுக்கவில்லை. நீல_பானெட் சொன்ன அந்தப் பாலாடைச் சுருக்கம் அச்சுதான் போலிருக்கிறது. அரிப்பு என்றால் ஒரே பள்ளமாகத் தெரியும்.

மீட்டர்_மேல | திங்கள், பகல் 12.40

ஒரு காக்கா ஆய் போனதுக்கு டெஹ்ரான் வரைக்கும் போயிட்டீங்களேய்யா.

பட்டறைக்காரன் | திங்கள், மதியம் 2.05

சாப்பாடு ஆச்சுங்க. டீச்சரும் ஷார்ஜாக்காரரும் சொன்னது ரெண்டும் பட்டறையில பார்க்கறதுதான். இப்ப வேலைக்கு வருவோம்.

மொதல்ல உங்க கையில இருக்கற சரக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கோங்க. கம்பெனியில வர்ற பெயின்ட் அடி ப்ரைமர்ல இருந்து மேல வரைக்கும் சேர்த்தே 100 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும். அதுல மேல இருக்கற கிளியர் கோட் 40 மைக்ரான் பக்கம். தலைமுடி ஒண்ணு 70 மைக்ரான்னு வெச்சுக்கோங்க. முடியில பாதிதான் உங்க வண்டியோட பளபளப்பு, வெயில் தாங்கறது எல்லாம். தழும்பை எடுக்கறதுன்னா வேற ஒண்ணுமில்ல, பள்ளத்தோட அடிமட்டத்துக்குச் சுத்தி இருக்கற மேட்டைக் குறைக்கறதுதான். இனிமே காசு போட முடியாத உண்டியலுங்க இது, எடுக்க மட்டும்தான் முடியும். 600 ரூபாய்க் கடையில பெரிய ரோட்டரி மெஷின்ல கம்பளி பேட் மாட்டி, கரகரப்பான கம்பவுண்டை வெச்சு அரை மணி நேரத்துல ஏழையும் மறைச்சுடுவாங்க. மறைக்கறதுல பாதி கம்பவுண்டுல இருக்கற எண்ணெய். ரெண்டு வாட்டர் வாஷ்ல அடையாளம் திரும்பி வரும், போன மைக்ரான் வராது.

அதனால லேசானதுல ஆரம்பிச்சு, போதும்னு தோணுன இடத்துல நிறுத்திடோணும்.

வண்டியை நிழல்ல நிறுத்தி, பானெட் ஆறின பிறகு கார் ஷாம்புல நல்லாக் கழுவுங்க. கால் லிட்டர் தண்ணில ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலக்கி, டிஷ்யூவை நனைச்சு ஒவ்வொரு தழும்பு மேலயும் பத்து நிமிஷம் போட்டு வெச்சு எடுங்க. தேய்க்கக் கூடாது. மிச்சம் ஏதாவது ஒட்டியிருந்தா இதுல வந்துரும். மறுபடி தண்ணி ஊத்திக் கழுவித் தொடைச்சுருங்க.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். வீட்டுல ஹேர் ட்ரையர் இருக்குமில்ல? அதைத் தழும்புக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே சூடு காட்டுங்க. பின்னங்கையை வெச்சா பொறுக்கற சூடு போதும். ஷார்ஜாக்காரர் சொன்ன மாதிரி சூட்டுல பதிஞ்ச அச்சு, மறுபடி சூடு காட்டுனா கொஞ்சம் இளகி மட்டத்துக்கு வரும். எல்லாத்துலயும் வராது, லேசானதுல வரும். பட்டறை ஹீட் கன்னை எடுத்துறாதீங்க, ஒரு நொடி அசந்தா பெயின்ட் கொப்பளிச்சுரும்.

அதுக்கப்பறமும் தெரியறதுக்கு மட்டும் ஃபினிஷிங் பாலிஷ். கம்பவுண்ட் இல்லைங்க, அதைவிட நைஸானது, டப்பாவுல எழுதியிருக்கும். பானெட் நல்லா ஆறி இருக்கோணும். நுரை அப்ளிகேட்டர்ல பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குள்ளயே, குறுக்கும் நெடுக்கும் ஒரு ரெண்டு நிமிஷம். அழுத்தம் வேண்டாம். சுத்தமான மைக்ரோஃபைபர்ல துடைங்க. பானெட் நடுக்கோடு, ஓரம், மடிப்பு இங்கெல்லாம் பெயின்ட் மெல்லிசா இருக்கும், அங்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க.

இப்ப முக்கியமான வேலை. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அந்த இடத்தைத் துடைங்க. பாலிஷ் எண்ணெய் போயிரும், உண்மை நிலவரம் தெரியும். துடைச்சுட்டுத்தான் ட்யூப்லைட்ல பார்க்கோணும். பாக்கி இருந்தா இன்னொரு தடவை. மூணு தடவைக்கு மேல போகாதீங்க.

நகம் தட்டுற அந்த ஒண்ணை மட்டும் தொடாதீங்க. அதைப் பத்தி அப்பறம் பேசலாம்.

கறுப்பு_வண்டி_கஷ்டம் | திங்கள், மதியம் 2.48

அண்ணாச்சி, என் டோர் சாம்பல் வட்டத்துக்கும் இதே வழிதானா?

பட்டறைக்காரன் | திங்கள், மதியம் 3.10

உங்களுக்குச் சோடாவும் வேண்டாம், ஹேர் ட்ரையரும் வேண்டாம். அது மேலோட்டமான கீறல்தான். நேரா ஃபினிஷிங் பாலிஷ் போடுங்க, ரெண்டு தடவையில கறுப்பு திரும்பிரும். பழைய அடையாளமும் பாதி குறையும்.

செராமிக்_ரசிகன் (சென்னை, அண்ணா நகர்) | திங்கள், இரவு 8.15

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? போன வருஷமே செராமிக் போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. என் வண்டிக்கு 9H போட்டிருக்கேன், எதுவும் ஒண்ணும் பண்ணாது.

ஷார்ஜா_மணல் | திங்கள், இரவு 8.40

செராமிக் போட்ட வண்டியிலயே தழும்பை எடுத்துக் கொடுத்துத்தான் எனக்குச் சம்பளம் வருது தம்பி. செராமிக் ஒண்ணு ரெண்டு மைக்ரான் படலம். எச்சம் சீக்கிரம் ஒட்டாது, கழுவ ஈசி, கொஞ்சம் நேரம் தாங்கும். அது நிஜம். ஆனா அடியில இருக்கிற கிளியர் கோட் இளகி விரியும்போது மேல இருக்கிற படலம் அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. அந்த 9H பென்சிலால கீறிப் பார்த்துச் சொல்ற கடினம், வைரக் கடினம் இல்ல. நிஜமா காப்பாத்துறது பிபிஎஃப், அதாவது கனமான ஒட்டுப் படலம். அது 150, 200 மைக்ரான். தழும்பு விழுந்தா அந்தப் படலத்துலதான் விழும். ஆனா விலையைக் கேட்டா மயக்கம் வரும்.

செராமிக்_ரசிகன் | திங்கள், இரவு 8.52

கடைக்காரர் அஞ்சு வருஷம் வாரண்டி கொடுத்திருக்காரே?

ஷார்ஜா_மணல் | திங்கள், இரவு 8.58

வாரண்டி அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. பறவை எச்சம், மரப்பிசின், பூச்சின்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

செராமிக்_ரசிகன் | திங்கள், இரவு 9.20

இருக்கு. 😐

கரவெட்டி_கரோலா (யாழ்ப்பாணம்) | செவ்வாய், காலை 6.45

அண்ணை, எங்கட முத்தத்தில பெரிய மாமரம் நிக்குது. பகலில காகம், இரவில வௌவால். வௌவால் எச்சம் காகத்தின்ரையை விட மோசமாக் கிடக்கு, மண்ணிறக் கறை விழுந்திட்டுது. கார் 90களில வந்த ஜப்பான் கார், வெள்ளை. இடையில ஆரோ பெயின்ட் அடிச்சிருக்கினம், எப்ப எண்டு தெரியாது. இதே முறை சரிவருமோ?

வேதியியல்_வகுப்பு | செவ்வாய், காலை 9.05

வௌவால் பாலூட்டி. அதன் எச்சத்தில் பறவைக்கு இருக்கும் அந்த வெண்பகுதி இருக்காது. பழந்தின்னி வௌவால் பழச்சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும், எச்சமும் கிட்டத்தட்ட பழக்கூழ்தான். ஆகவே உங்களுக்கு விழுந்திருப்பது பெரும்பாலும் பழச்சாயக் கறை. வேட்டியில் வாழைச்சாறு பட்டது போல.

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 9.40

யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு: பாலிஷ் போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. டிக்கி உள்பக்கமா, கண்ணுக்குத் தெரியாத இடத்துல வெள்ளையா இல்லாத ஒரு துணியில, கறுப்புத் துணி நல்லது, பாலிஷ் தொட்டுத் தேய்ங்க. துணியில வெள்ளை ஏறுனா உங்க வண்டியில கிளியர் கோட்டே இல்ல, நிறமே மேல் பூச்சு. பழைய வெள்ளை வண்டியில இது சகஜம். அதுவும் பாலிஷ் வாங்கும், ஆனா நீங்க எடுக்கறது நேரா நிறத்தை. கையாலயே, குறைச்சலா பண்ணுங்க. கறைக்கு மொதல்ல ஷாம்பு, அப்பறம் ஈரத்துணி அரை மணி நேரம் ஊற வெச்சு, ரெண்டு மூணு நாள் வெயில்ல நிறுத்திப் பாருங்க. பழக்கறை வெயில்லயே பாதி வெளுத்துரும்.

இன்னொண்ணு. திரும்ப அடிச்ச பெயின்ட் கம்பெனி பெயின்ட் அளவுக்குக் கெட்டி இருக்காது. கம்பெனியில 140 டிகிரி பக்கம் சூட்டுல வேக வெக்கறாங்க. நாங்க பட்டறை பூத்துல, அதாவது பெயின்ட் காய வெக்கற அறையில, 60 டிகிரி. பூத் இல்லாத பட்டறையில வெயில்தான். அதனால புதுசா பெயின்ட் அடிச்ச வண்டியை ஒரு மாசத்துக்கு மரத்தடியில விடாதீங்கன்னு சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். அடுத்த வாரமே எச்சத்தோட வந்து நிப்பாங்க.

நீல_பானெட் | புதன், இரவு 10.30

ரிசல்ட் வந்தாச்சு.

நேத்து சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு வந்து பார்க்கிங்ல உட்கார்ந்தேன். சோடாத் தண்ணி டிஷ்யூ ஏழையும் பானெட்ல ஒட்டி வெச்சதைப் பார்த்துட்டு வாட்ச்மேன் அண்ணன் "வண்டிக்கு ஜுரமா சார்"னு கேட்டார். டிஷ்யூவை எடுத்தா ரெண்டுல மெல்லிசா மஞ்சள் கறை வந்திருந்துச்சு. நான் சுத்தமா கழுவிட்டேன்னு நெனச்ச இடம் அது.

ஹேர் ட்ரையர் மனைவியோடது. நாலாவது தழும்புக்குப் போகும்போது ட்ரையர் சூடாகி நின்னுடுச்சு, கால் மணி நேரம் ஆற விட்டேன். அந்த இடைவெளியில முதல் மூணைப் பார்த்தா, நம்ப முடியல, ரெண்டு காணவே இல்ல. பாலிஷ் ஒண்ணும் போடல, வெறும் சூடு. மூணாவதுல அந்தப் பாலாடை ஓரம் மட்டும் ஒரு நிலாப்பிறை மாதிரி நின்னுச்சு. மத்த மூணு கொஞ்சம் மங்கினதோட சரி.

பாலிஷ் இன்னைக்குப் போட்டேன். நிலாப்பிறை ஒரே தடவையில போச்சு. பனியன் வட்டமும் அதோட போச்சு. மங்கின மூணுல ரெண்டு சுத்தமாப் போயிடுச்சு. ஒண்ணு, மூணு தடவைக்கு அப்புறமும் தலையைச் சாய்ச்சு ஒரு குறிப்பிட்ட கோணத்துல பார்த்தா தெரியுது. ஆல்கஹால் துடைக்கிறது நல்ல யோசனை அண்ணே. முதல் தடவை பாலிஷ் போட்டதும் எல்லாம் போயிடுச்சுன்னு துள்ளிக் குதிச்சேன். துடைச்சதும் ரெண்டு மறுபடி எட்டிப் பார்த்துச்சு.

செலவு: பாலிஷ் 450, ரெண்டு மைக்ரோஃபைபர் 200, ஆல்கஹால் 120. மனைவிக்குப் புது ஹேர் ட்ரையர் வாங்கித் தரணும்னு ஒரு கண்டிஷன், அது தனிக் கணக்கு.

நகம் தட்டுற ஒண்ணு அப்படியே இருக்கு. 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (ரொம்ப நைஸான உப்புத்தாள்) ஒரு ஷீட் வாங்கி வெச்சிருக்கேன். போடட்டுமா?

பட்டறைக்காரன் | வியாழன், காலை 7.05

ஷீட்டை மடிச்சு உள்ள வைங்க தம்பி.

நகம் தட்டுதுன்னா பள்ளம் ஆழம். அதை மட்டமாக்கோணும்னா சுத்தி நாலஞ்சு மைக்ரானாச்சும் தேய்க்கோணும். அதுவும் நடுக்கோடு கிட்ட. அங்க எவ்வளவு இருக்குன்னு அளக்காம பேப்பர் வெக்கறது கண்ணைக் கட்டிக் கிணத்துல இறங்கற மாதிரி. திக்னஸ் மீட்டர் வெச்சிருக்கற கடையில ஒரு தடவை அளந்து பாருங்க. அது மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியரைத் தனியாக் காட்டாது, இருந்தாலும் தைரியமா ஒதுங்கறதுக்கு உதவும். என் பேச்சைக் கேட்டா, மெழுகைப் போட்டு மூடிட்டு அந்த ஒண்ணோட வாழப் பழகிக்கோங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பார்த்துக்கோங்க. அது பள்ளமாவே இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல.

அதைச் சுத்தி முடி மாதிரி வெடிப்பு விட்டாலோ, தோல் உரியற மாதிரி வெள்ளை தட்டினாலோ அப்ப பாலிஷ் எதுவும் வேலைக்கு ஆகாது. பானெட் முழுசும் தேய்ச்சு பேஸும் (நிறப் பூச்சு) கிளியரும் புதுசா அடிக்கறதுதான் வழி. அப்ப யார்கிட்ட வேணாலும் போங்க, ஸ்பாட் மட்டும் டச்சப் பண்ணித் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. அடர் நீலம் ஸ்பாட்டுல சேரவே சேராது.

காருக்குள்ள ஒரு தண்ணி பாட்டிலும் ரெண்டு துணியும் போட்டு வைங்க. விழுந்தது கண்ணுல பட்டதும் ஊத்தி, நனைஞ்ச துணியைப் போட்டு ஊற வெச்சு, அப்படியே அள்ளி எடுத்துருங்க. பெட்ரோல் போட நிக்கற நேரம் போதும்.

நீல_பானெட் | வியாழன், காலை 8.20

சரிண்ணே, ஷீட்டை அப்பாகிட்ட கொடுத்துட்டேன். பழைய இரும்பு கேட்ல துரு எடுக்கிறார். வண்டியை இப்ப மரத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருக்கேன், அங்க கரன்ட் கம்பி போகுது.

மீட்டர்_மேல | வியாழன், காலை 8.31

கம்பி மேல யார் உட்காருவாங்கன்னு யோசிச்சீங்களா ப்ரோ?